மிஸஸ் கிரிக்ஸ்பி வேலைக்குப் போகிறார்

பால்டிமோர்,
மார்ச் 6

லெம்,

போனில் நான் பாதி சொல்வதற்குள் வைத்துவிடுகிறாய். போன ஞாயிற்றுக்கிழமையும் அதே கதைதான். அதனால் எழுதுகிறேன். காகிதத்தைக் கசக்கிப் போடலாம், குறுக்கே பேச முடியாது.

அம்மாவைப் பகல் மையத்தில் சேர்த்துவிட்டேன். வரும் திங்கட்கிழமை முதல் போகிறாள். காலையில் வேன் வந்து கூட்டிப்போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். இரவு தன் கட்டிலில்தான் படுப்பாள். மறதி நோய் வந்தவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம், அவ்வளவுதான். இதைத்தான் நீ "அம்மாவத் தள்ளி விடுற" என்றாய்.

காரணம் கேட்டாய். கேட்ட கையோடு வைத்தும் விட்டாய். இப்போது சொல்கிறேன்.

பிப்ரவரிக் கடைசியில் ஒருநாள் துறைமுகத்தில் கிரேன் உச்சியில் உட்கார்ந்திருந்தேன். கயிற்றில் ஒரு கண்டெய்னர் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே லாரி, லாரிக்குள் ஓட்டுநர். என் கண் மூடிவிட்டது. தூக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது, விளக்கை அணைத்த மாதிரி. ரேடியோவில் யாரோ "டெல்! டெல்!" என்று கத்தியதும் விழித்தேன். பெட்டி லாரிக்கு மேலே ஊசலாடிக்கொண்டிருந்தது. அதைப் பத்திரமாக இறக்கி வைத்தேன். பிறகு நானும் இறங்கிப் போய் ஃபோர்மேனிடம் சொன்னேன்: "என்ன மேல அனுப்பாதீங்க. நான் தூங்கிட்டேன்." அவர் அன்றைய பட்டியலில் என் பெயரை அடித்தார். "இத்தன வருஷத்துல எவனும் தானா வந்து இதச் சொன்னதில்ல, டெல்ஃபீன்," என்றார். இப்போது தரையில் கண்டெய்னர்களுக்கு எண் எழுதுகிறேன்.

அம்மா விடிவதற்கு முன்பே எழுந்து, பழைய தொப்பியைப் போட்டுக்கொண்டு, ஷிஃப்டுக்குக் கிளம்பிவிடுகிறாள். ஜனவரிப் பனியில் ஸ்டாப்பில் நின்று, வந்த பஸ்ஸை மறித்து, ஓட்டுநரைப் பார்த்து "எறங்கு, இது என் வண்டி" என்று சண்டை போட்டாள். இந்த ஊர் பஸ் டிப்போவில் ஸ்டியரிங் பிடித்த முதல் பெண்களில் ஒருத்தி. அவள் சொன்னதில் பாதி உண்மை என்று அந்தப் பையனுக்கு எப்படித் தெரியும்?

டாக்டர் என் ரத்தக் கொதிப்பைப் பார்த்துவிட்டு, "உங்கம்மாவுக்கு முன்னால நீங்க போயிடுவீங்க" என்றார். நான் போய்விட்டால் அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். அதன்பிறகுதான் மையத்துக்குப் போன் செய்தேன்.

கோபமாக இருந்தாலும் உன் அக்காதான்,
டெல்ஃபீன்


டக்கோமா,
மார்ச் 14

அக்கா,

கசக்கவில்லை. என் ஃபெர்ரிக் கப்பல் கரையில் நின்ற நேரத்தில் மேல்தளத்தில் வைத்துப் படித்தேன். கிரேன் சமாச்சாரம் வந்த இடத்தில் மடித்து வைத்துவிட்டு, கார்கள் எல்லாம் ஏறி முடிந்த பிறகுதான் மீதியைப் படித்தேன். அதை முதலில் சொல்லியிருக்கக் கூடாதா? ஆனாலும் என் மனசு மாறவில்லை.

ஐசோலா பெரியம்மாவை நினைத்துப் பார். "கொஞ்ச நாள்தான், டாக்டருங்க பாத்துக்குவாங்க" என்று சொல்லித்தான் அரசு மனநல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா நம் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போவாள். வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுத் தான் மட்டும் உள்ளே போவாள். திரும்பி வரும்போது பேசமாட்டாள். நடந்து போன பெரியம்மா பெட்டியில்தான் வந்தாள். புதைத்துவிட்டுத் திரும்பும்போது அம்மா சொன்னாளே: "இனிமே நம்ம ஆளு யாரும் வேத்தாள் கைக்குப் போக மாட்டாங்க." நீயும்தான் கேட்டாய்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது அம்மா யாரையாவது உதவிக்குக் கூப்பிட்டாளா? பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வந்து அவளேதான் குளிப்பாட்டினாள், சவரம் செய்தாள், ஊட்டினாள். நம் கறுப்பு ஜனங்கள் நம் பெரியவர்களை அப்படித்தான் காப்பாற்றினார்கள். வேறு யாரும் நம்மைக் காப்பாற்ற வரவில்லை என்பதால். அந்தப் பெருமையை வேனில் ஏற்றி அனுப்பாதே.

அங்கே யாராவது அவளை அடித்தால், சாயங்காலம் வந்து உன்னிடம் சொல்ல அவளுக்கு நினைவிருக்குமா? எனக்கு அதற்கு மட்டும் பதில் சொல்.

இங்கே அனுப்பிவிடு. என் வீட்டுக்காரி மார்வெட்டாவும் நானும் பார்த்துக்கொள்கிறோம்.

லெம்


பால்டிமோர்,
மார்ச் 27

லெம்,

உனக்கு வந்த அதே பயத்தில் நானும் முன்னமே கேட்டுவிட்டேன். மையத்தை நடத்துகிற கொரின் மேஃபீல்டின் முகத்தைப் பார்த்தே கேட்டேன். "எங்க பெரியம்மா உங்கள மாதிரி ஒரு எடத்துக்கு நடந்து போயி பொணமா வந்தா. நீங்க வேற மாதிரின்னு நான் எப்படி நம்புறது?"

அவர் கோபப்படவில்லை. "நம்பாதீங்க," என்றார். "எப்ப வேணாலும் சொல்லாமக் கொள்ளாம உள்ள வாங்க. என் மாமியாரே இங்கதான் இருக்காங்க. அதோ, ஜன்னலோரம் என்னத் திட்டிக்கிட்டு இருக்காங்களே, அவங்கதான்."

சொல்லாமல் கொள்ளாமல் மூன்று தடவை போய்விட்டேன். கீரை வேகிற வாசனையும் சோள ரொட்டி வாசனையும்தான் வந்தது. பெரியவர்கள் டாமினோ ஆட்டத்தில் கட்டைகளை மேசையில் அடித்துக்கொண்டு ஏமாற்றியதற்காக ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருந்தார்கள். நம் தேவாலயத்துக் கூடத்தில் நடப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

முதல் நாள் கதையைக் கேள். வேன் வாசலில் நின்றது. அம்மா நேராக ஓட்டுநர் பக்கம் போய்க் கதவைத் திறந்தாள்.

"எறங்குப்பா. ஒன் ஷிஃப்ட் முடிஞ்சுது."

எனக்கு உயிரே போய்விட்டது. ஓட்டுநர் டோலிவர் அறுபதைத் தாண்டிய ஆள், மலை மாதிரி இருப்பார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"மிஸஸ் கிரிக்ஸ்பி, இன்னிக்கு உங்களுக்கு மேற்பார்வை டூட்டி போட்டிருக்காங்க. நான் புது ஆளு. எப்படி ஓட்டுறேன்னு பக்கத்துல இருந்து பாக்கணுமாம்."

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "புது ஆளா? இந்த வயசுலயா?"

"லேட்டாத்தாங்க வேல கெடச்சுது."

"சரி சரி, சாக்கு சொல்லாத. மொதல்ல கண்ணாடியச் சரி பண்ணு."

ஏறி உட்கார்ந்தாள், லெம். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலைக்குப் போகிறவள் எதற்குத் திரும்பிப் பார்க்க வேண்டும்?

அந்த வாரமே ஒரு வம்பும் நடந்தது. அங்கே வேலை செய்கிற ஒரு சின்னப் பெண் அன்பாகத்தான் "ஸ்வீட்டி" என்று கூப்பிட்டாளாம். ஆரஞ்சு ஜூஸ் அவள் முகத்தில். "நான் ஒனக்கு ஸ்வீட்டி இல்ல. மிஸஸ் கிரிக்ஸ்பி." கொரின் போன் செய்தபோது, நாளையிலிருந்து அனுப்பாதே என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் சொன்னது வேறு: "தப்பு எங்களோடது. அந்தக் காலத்துல மீசை மொளைக்காத வெள்ளக்காரப் பசங்க எங்கம்மாவையும் பேரு சொல்லித்தான் கூப்பிடுவாங்க. எனக்கே மறந்துபோச்சு." இப்போது அங்கே எல்லோருக்கும் மிஸ்டர், மிஸஸ்தான்.

அப்பாவை அம்மா பார்த்துக்கொண்டதைப் பெருமை என்கிறாய். பெருமைதான். ஆனால் நீ அப்போது நேவியில் இருந்தாய், நான் இந்த வீட்டில் இருந்தேன். தேவாலயத்தில் நின்றபடியே தூங்கி முன்வரிசை மேல் விழுந்தாளே, அது உனக்குத் தெரியுமா? பெண்கள் சங்கத்திலிருந்து வந்தார்கள். கேக் கொடுத்தார்கள், "நீ இரும்பும்மா" என்று பாராட்டினார்கள், போய்விட்டார்கள். அவள் இரும்பில்லை. கேட்க ஆளில்லாமல் இருந்தாள். அந்தப் பாராட்டை இப்போது என்னிடம் கொண்டுவராதே.

முதல் நாள் வேன் போன பிறகு, வாசற்படியில் உட்கார்ந்து, பொரித்த மீன் பொட்டலம் ஒன்றைச் சூடு ஆறுவதற்குள், யாருக்கும் ஊட்டாமல், முழுசாகத் தின்றேன். அழுதேன். பிறகு உள்ளே போய்த் தூங்கினேன்.

அம்மாவை உன்னிடம் அனுப்பமாட்டேன். இந்த வீட்டுச் சுவரைத் தடவித்தான் குளியலறைக்கு வழி கண்டுபிடிக்கிறாள். உன் வீட்டுச் சுவர் அவள் கைக்குத் தெரியாது. நீ இங்கே வா. என் இடத்தில் இரு. அப்புறம் பெருமையைப் பற்றிப் பேசலாம்.

டெல்ஃபீன்


டக்கோமா,
ஏப்ரல் 5

அக்கா,

ஜூன் மாதம் லீவு சொல்லிவிட்டேன். வருகிறேன். நான் இருக்கிற வரைக்கும் வேன் வேண்டாம். அம்மாவை நானே பார்த்துக்கொள்வேன். நீ வேலைக்குப் போ, சாயங்காலம் வா, சமைத்து வைத்திருப்பேன்.

இருநூறு கார்களைப் புயலிலும் அக்கரை சேர்க்கிறவனால் ஒரு அம்மாவைச் சமாளிக்க முடியாதா?

லெம்


பால்டிமோர்,
ஜூன் 20

லெம்,

வேலையிலிருந்து வந்தேன். வீடு பளபளவென்று இருந்தது. முன்கதவில் அம்மா கைக்கு எட்டாத உயரத்தில் புதுத் தாழ்ப்பாள். அடுப்பில் சூப். நீ மட்டும் இல்லை. டாக்ஸியில் ஏர்போர்ட் போய்விட்டாய் என்று, அம்மாவோடு உட்கார்ந்திருந்த எதிர்வீட்டு மிஸஸ் பீபிள்ஸ் சொன்னார்.

அந்தப் புதன்கிழமை என்ன நடந்தது? அன்றிலிருந்து நீ சாப்பாட்டு மேசையில் வாயைத் திறக்கவில்லை. "வேன் வேண்டாம்" என்றவன் வியாழனும் வெள்ளியும் நீயே அம்மாவை வேனில் ஏற்றிவிட்டாய், கூடவே நீயும் போனாய். டோலிவரைக் கேட்டால், "அத ஒங்க தம்பிதான் சொல்லணும்" என்கிறார். மிஸஸ் பீபிள்ஸைக் கேட்டால் அழுகிறார்.

சொல்.

டெல்


டக்கோமா,
ஜூன் 29

அக்கா,

நேரில் சொல்ல வாய் வரவில்லை. எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

முதல் இரண்டு நாளும் நன்றாகத்தான் போயின. என்னை ஓட்டிஸ் மாமா என்று நினைத்துக்கொண்டு பழைய கடன்களையெல்லாம் மன்னித்தாள். சிரித்தோம். 'இதற்குத்தானா அக்கா இந்தப் பாடு படுகிறாள்' என்றுகூட நினைத்தேன்.

புதன்கிழமை நீ கிளம்பிய பிறகு தொப்பி போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"வண்டி எங்க?"

"இன்னிக்கு லீவும்மா."

"லீவா? யாரு குடுத்தா? நான் போகலன்னா ஜனங்க ஸ்டாப்புல நிப்பாங்க."

கதவுக்குக் குறுக்கே நின்றேன். அது தப்பு. அவள் முகம் மாறியது. "யாருப்பா நீ? என் வீட்டுக்குள்ள என்ன பண்ற?" என்றாள். கையைப் பிடிக்கப் போனேன். அது அதைவிடப் பெரிய தப்பு. ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்த்துக் கத்தினாள்: "திருடன்! வீட்டுக்குள்ள திருடன்!"

யாரோ போலீஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். அக்கா, கறுப்பன், பெரிய உடம்பு, உள்ளே ஒரு கிழவி அலறுகிறாள். நான் படியில் நின்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன். "இது எங்கம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். மிஸஸ் பீபிள்ஸ் குளியல் அங்கியோடு ஓடிவந்து "அவ மகன்தான்! அவ மகன்தான்!" என்று கதறினார். ஒரு போலீஸ்காரன் "அடையாள அட்டை எங்கே?" என்றான். அது பின்பாக்கெட்டில் இருந்தது. சுட்டுவிடுவார்களோ என்று, கையைக் கீழே கொண்டுபோக எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்போதுதான் அந்த வேன் வந்தது. நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தும் டோலிவர் தினமும் நம் தெரு வழியாகத்தான் போவாராம், "மனசு மாறினா ஏறிக்கட்டும்" என்று. இறங்கி நிதானமாக நடந்து வந்தார். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றுகொண்டார். "குட்மார்னிங் ஆபீசர்ஸ். இது மிஸஸ் கிரிக்ஸ்பியோட மகன். இது மிஸஸ் கிரிக்ஸ்பி. இது அவங்க வண்டி."

வண்டி என்ற சொல் காதில் விழுந்ததும் அம்மாவின் கத்தல் நின்றது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு படியிறங்கி வந்தாள். போலீஸ்காரர்களைப் பார்த்தாள்.

"ஏம்பா, பஸ் நிக்கிற எடத்துல காரப் போட்டு வெச்சிருக்கீங்களே. எடுங்க, எடுங்க. ஜனங்க காத்துக்கிட்டிருப்பாங்க."

எடுத்தார்கள், அக்கா! இரண்டு பேரும் "யெஸ் மேடம்" என்று சொல்லி எடுத்தார்கள்.

நானும் வேனில் ஏறினேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "புதுசா? உக்காரு. வண்டி ஓடும்போது எந்திரிக்கக் கூடாது" என்றாள். உட்கார்ந்தேன்.

மையத்து வாசலில் பாஸ்கம் என்கிற பெரியவர் இறங்கமாட்டேன் என்றார். கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். ஒரு காலத்தில் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவராம். டோலிவர் போனார், கொரின் வந்தார், பலனில்லை. அம்மா எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"கடைசி ஸ்டாப் சார்," என்றாள். சின்ன வயதில் நாம் அவள் பஸ்ஸில் கேட்ட அதே குரல். "அவசரமில்ல. நீங்க எறங்குற வரைக்கும் என் வண்டி நகராது. படியப் பாத்து."

அவர் கம்பியை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்தார். "தினம் இவங்கதான் எறக்கி விடுறாங்க," என்று கொரின் என் காதில் சொன்னார். "இவங்க வராத ரெண்டு நாளும் அவர வேன்ல இருந்து எறக்கவே முடியல."

நான் அம்மாவை வீட்டிலேயே வைத்துக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே அவளுக்கு ஒரு வேலை காத்துக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை, வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்கள் கூடிப் பேசுகிற வட்டத்தில் என்னையும் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் ஒரு முடிதிருத்துகிறவர், மனைவியைப் பார்த்துக்கொள்கிறவர், தட்டை என் பக்கம் தள்ளினார். "மொதத் தடவ யாரும் பேச மாட்டாங்க. கேக்கு சாப்பிடு." சாப்பிட்டேன். நீ எப்படி இத்தனை வருஷம் அதுகூட இல்லாமல் இருந்தாய்?

ஆகஸ்டில் மூன்று வாரம் வருகிறேன். இந்தத் தடவை வேன் உண்டு. வீட்டில் நீ இருக்கக் கூடாது. எங்கேயாவது போ.

உன் தம்பி,
லெமுவேல்


பால்டிமோர்,
அக்டோபர் 11

அன்புள்ள தம்பி,

ஆகஸ்டில் நீ அம்மாவோடு இருந்தபோது நான் கடலில் மல்லாந்து மிதந்தேன். அலை என்னைத் தூக்கியது, இறக்கியது. நான் யாரையும் தூக்கவில்லை. அதற்கு நன்றி சொல்லத்தான் நினைத்திருந்தேன், அதற்குள் சேதிகள் சேர்ந்துவிட்டன.

ரத்தக் கொதிப்பு இறங்கியிருக்கிறது. டாக்டர் மிஷின் மேல் சந்தேகப்பட்டு மறுபடி பார்த்தார். கிரேனுக்குத் திரும்பப் பரீட்சை வைத்தார்கள், தேறிவிட்டேன். நான் ஏணியில் ஏறும்போது கீழே நின்ற ஆட்கள் ஹார்ன் அடித்தார்கள். அந்த லாரி ஓட்டுநரும் அடித்தான்.

தேவாலயத்தில் பெண்கள் சங்கத்து சிஸ்டர் லாட்டி எல்லோர் காதிலும் விழும்படி, "ஒங்கம்மாவ வெளியாளுங்க பாத்துக்கறாங்களாமே?" என்றார். "ஆமா சிஸ்டர். நீங்க வந்து பாத்துக்கறதா இருந்தா செவ்வாக்கிழமை காலியா இருக்கு," என்றேன். பாதிரியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. போன வாரம் அதே சிஸ்டர் லாட்டி வாகனம் நிறுத்துகிற இடத்தில் என்னைத் தனியாக ஓரங்கட்டி, அவர் வீட்டுக்காரர் அடுப்பில் செருப்பை வைத்துவிட்டதைச் சொல்லி, மையத்து நம்பரைக் கேட்டார். கொடுத்தேன். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்ல நாக்கு துடித்தது, அது வேறு.

எல்லாம் நல்ல சேதி இல்லை. அம்மாவுக்குக் கரண்டியை எப்படிப் பிடிப்பது என்பது மறந்துகொண்டு வருகிறது. சில நாள் முழுக்கப் பேசுவதில்லை. பாஸ்கமை இறக்கிவிடும்போது மட்டும் குரல் வருகிறது. மையம் இதை நிறுத்தாது. யாராலும் நிறுத்த முடியாது. உனக்கும் எனக்கும் அது தெரியும்.

நேற்று எனக்கு விடுமுறை. மையத்தில் எல்லோரையும் துறைமுகத்தைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள், நானும் உதவிக்குப் போனேன். வேனில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னை யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. மரியாதையாகத் தலையசைத்தாள், பக்கத்து இருக்கைப் பயணிக்கு அசைப்பது மாதிரி. தண்ணீருக்கு அந்தப் பக்கம் கிரேன்கள் தெரிந்ததும் என் முழங்கையைத் தட்டினாள்.

"அதோ பாருங்க. அந்த நீலமா ஒசரமா இருக்கே, அத ஓட்டுறது என் பொண்ணு."

"அப்படியா?" என்றேன்.

"மொதல்ல பொம்பளைக்குத் தர மாட்டோம்னாங்க. போயி நின்னா. வெரட்டுனாங்க. மறுபடியும் போயி நின்னா. இப்ப அவ கை வெக்கலன்னா கப்பலே கெளம்பாது."

"நல்லா ஓட்டுவாங்களா?"

இவ்வளவு முட்டாளா இவள் என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். "என் பொண்ணுன்னு சொன்னேன்ல."

முன்னால் டோலிவர் தோள் குலுங்கியது. சிரித்தாரா, அழுதாரா, தெரியாது. நான் அழவில்லை, லெம். நிமிர்ந்து உட்கார்ந்தேன். உனக்காகவும் ஒன்று கேட்டேன்.

"பையன் யாரும் இல்லையா?"

"ஏன் இல்ல, இருக்கான்," என்றாள் மிஸஸ் கிரிக்ஸ்பி. "அவன் தண்ணி மேலயே பஸ் ஓட்டுறான்."

அக்கா,
டெல்ஃபீன்